கம்பி இல்லாத மதுக்கடையில் புதிதாக எதை எடுப்பது? ஒரு பெங்களூரு வழிகாட்டி

பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒசூர் ரோட்டுப் பக்கம் ஒரு மதுக்கடைக்குப் போனேன். ஊர்ப் பழக்கத்தில் பணத்தை மடித்து நீட்டி, "ஒரு குவார்ட்டர்" என்றேன்.

"என்ன சரக்கு சார்?"

"ஏதாவது குடுங்கண்ணா."

கல்லாவில் இருந்தவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "தமிழ்நாடா? இங்க கம்பி எல்லாம் இல்ல சார். உள்ள போங்க, கையில எடுத்துப் பாருங்க, பிடிச்சத எடுத்துட்டு வாங்க."

போனேன். இருபது நிமிடம் அலமாரி அலமாரியாகச் சுற்றினேன். எதை எதற்காக எடுப்பது என்று ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் கல்லூரிக் காலத்திலிருந்து தெரிந்த ரம்மையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சிரிக்காமல் பில் போட்டார்.

2003 கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில் இருக்கிறது. எலைட் கடைகளை விட்டால், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பெயரைச் சொல்லி வாங்குவதுதான் வழக்கம். பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்போம்? நாம் 'ஒயின் ஷாப்' என்று கூப்பிடும் கடையில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். அப்படிப் பழகிவிட்டு, உள்ளே நடந்து பார்க்கக்கூடிய கடையில் நின்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத்தான் இருக்கும். பெங்களூரு, புதுச்சேரி, கோவா, சென்னையின் எலைட் கடை என்று எங்கே நின்றாலும் இந்த முறை உதவும்.

குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே குடிப்பவர்கள், அளவைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் நல்லதாகக் குடிக்க நினைத்தால், அவர்களுக்குத்தான் இது.

முறை இவ்வளவுதான்: புதிய ஒன்றைத் தனியாகக் குடித்துப் பார்க்காதீர்கள். தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். இரண்டு டம்ளர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நாக்கு தானே வித்தியாசம் சொல்லும். ஒரே டம்ளர் இருந்தால் 'நல்லா இருக்கு' என்பதைத் தாண்டி நமக்கு வார்த்தை வராது.

படி 1: கடைக்குப் போகுமுன் உங்கள் வாயைக் கேளுங்கள்

என்ன பிராண்ட் பிடிக்கும் என்று யோசிக்காதீர்கள், என்ன ருசி பிடிக்கும் என்று யோசியுங்கள். சர்க்கரை இல்லாத டிகிரி காபி குடிப்பவரா? கசப்பும் துவர்ப்பும் உங்களுக்குப் பழக்கம். சிவப்பு ஒயினும் புகை ஏறிய மால்ட் விஸ்கியும் எடுத்தவுடன் முகத்தைச் சுளிக்க வைக்காது. எலுமிச்சை சோடாவில் உப்புப் போட்டுக் குடிப்பவர் ஜின் பக்கமோ, சோவின்யோன் பிளாங்க் என்னும் வெள்ளை ஒயின் பக்கமோ போகலாம். பாயசத்தில் இன்னொரு கரண்டி கேட்பவருக்கு லேசாக இனிக்கும் ஷெனின் பிளாங்க்.

ஒரு தடவைக்கு ஒரே வகை. ஒயின் என்றால் ஒயின், ஜின் என்றால் ஜின். மூன்று வகையை ஒரே இரவில் பார்த்தால் மறுநாள் தலைவலியைத் தவிர ஒன்றும் நினைவில் இருக்காது.

அளவு விஷயத்தில் நம் ஊர் அறிவு கைகொடுக்கும். குவார்ட்டர் 180 மி.லி., ஆஃப் 375, ஃபுல் 750. முன்பின் தெரியாத இரண்டு பேர் கடை வாசலில் காசு சேர்த்து ஒரு குவார்ட்டரைப் பங்கு போடும் 'கட்டிங்' இருக்கிறதே, புதிய சரக்கைச் சோதிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நான்கு நண்பர்கள் ஆளுக்கு ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வந்தால் ஒரே மாலையில் நான்கு சரக்கைத் தெரிந்துகொள்ளலாம், யாரும் அளவு மீறவும் வேண்டாம். சில சிங்கிள் மால்ட் விஸ்கிகள் 50, 60 மி.லி. குட்டிப் பாட்டிலிலும், சில ஒயின்கள் 375-லும் வரும். முதலில் அதைக் கேளுங்கள்.

படி 2: சரக்கைப் பார்ப்பதற்கு முன் கடையைப் பாருங்கள்

விஸ்கி, ரம், ஜின் எல்லாம் கொஞ்சம் வெயிலைத் தாங்கும். ஒயின் தாங்காது. அது பாட்டிலுக்குள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கும் பண்டம். சூடு பட்டால் பழ வாசம் போய், வெந்த பழக்கூழ் வாசம் வந்துவிடும்.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு கடையில் கண்ணாடி ஜன்னல் ஓரம் அழகாக அடுக்கி வைத்திருந்த சிவப்பு ஒயினைத் தள்ளுபடியில் எடுத்தேன். வீட்டில் வந்து மூடியின் மேல் உறையைக் கிழித்தால், கார்க் கழுத்துக்கு மேலே மயிரிழை அளவு தள்ளிக்கொண்டு நின்றது, சுற்றிலும் பிசுபிசுப்பு. ஊற்றினேன். புளித்த கொடிமுந்திரி வாசம். சாயங்கால வெயில் அந்த ஜன்னலில் மாதக்கணக்கில் விழுந்திருக்கிறது. திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, "ஒயின் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள்.

அதனால் ஒயின் அலமாரி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏசி இருக்கும் உள்பகுதியிலா, வாசல் வெயிலிலா? வெள்ளை ஒயினைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்களா? பாட்டில் மேல் தூசி கனமாகப் படிந்திருந்தால் அது அசையாமல் கிடக்கும் சரக்கு. தூக்கிப் பார்த்து, திரவம் கழுத்துவரை இருக்கிறதா, மூடியோரம் கசிவு உண்டா என்று கவனியுங்கள். திருகு மூடியைப் பார்த்து மட்டமான ஒயின் என்று ஒதுக்க வேண்டாம். நம் வெயிலுக்குக் கார்க்கைவிட அதுவே பாதுகாப்பு.

சனிக்கிழமை இரவு போகாதீர்கள். வார நாளில் மதியம் போனால் கடைப் பையனுக்கே பேச நேரம் இருக்கும். "எது நல்லா இருக்கும்?" என்று கேட்டால் லாபம் அதிகமுள்ளதைக் காட்டுவான், அது அவன் பிழைப்பு. "ஒரு தடவ வாங்கினவங்க இந்த மாசம் திரும்ப வந்து வாங்கினது எது தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

படி 3: பாட்டிலைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் குதிரை, கோட்டை, ராஜா தலை. அதில் படிக்க ஒன்றும் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

முதலில் 42.8 என்ற எண். இந்தியாவில் ரம், விஸ்கி, பிராந்தி எதை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த விசித்திரமான எண் இருக்கும். ஏன் 40 இல்லை, 45 இல்லை? இது வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. பழைய பிரிட்டிஷ் 'புரூஃப்' அளவில் 100 புரூஃப் என்பது ஏறக்குறைய 57.1 சதவீத ஆல்கஹால். வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துப் பற்றவைத்து, பற்றிக்கொண்டால் சரக்கு சுத்தம் என்று சோதித்த காலத்திலிருந்து வந்தது என்று கதை சொல்வார்கள். அந்த 57.1-ல் முக்கால் பங்குதான் 42.8. புரூஃபுக்கு 25 பாகை குறைவு என்பதால் '25 யூ.பி.' என்று பழைய லேபிள்களில் போட்டிருப்பார்கள். பிரிட்டனே அந்தக் கணக்கை விட்டு வெகுநாள் ஆகிறது, நாம் விடவில்லை.

அடுத்து, எதிலிருந்து செய்தது என்ற வரி. நம் நாட்டு மலிவு விஸ்கிகளில் பெரும்பகுதி, மொலாசஸ் என்னும் கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த ருசியற்ற ஸ்பிரிட்டோடு, கொஞ்சம் மால்ட் விஸ்கி கலந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி தானியத்தில் செய்தால்தான் விஸ்கி. மொலாசஸில் செய்ததை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. நாம் விஸ்கி என்று நினைத்துக் குடித்ததில் பாதி, குடும்ப வழியில் ரம்முக்குத்தான் சொந்தம். பின்பக்கத்தில் 'நியூட்ரல் ஸ்பிரிட்' என்று இருந்தால் கலப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். 'சிங்கிள் மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிசாலை. ஒரே பீப்பாய் என்று அர்த்தமில்லை. நிறையப் பேர் இதில் குழம்புகிறார்கள்.

மூன்றாவது, பாட்டிலில் அடைத்த மாதம். விஸ்கிக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஒயினுக்கு மிக முக்கியம்.

படி 4: ஒயின் அலமாரி

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்பேன், உங்களையும் நிறுத்தப்போகிறேன்.

ஒயின் நமக்கு அந்நியச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்து இறங்கிய ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இடையில்தான் நாம் மறந்துவிட்டோம்.

இந்திய ஒயினுக்கு இரண்டு ஊர்களை நினைவில் வைத்தால் போதும்: மகாராஷ்டிரத்தின் நாசிக், பெங்களூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் வரும் நந்தி மலைச் சாரல். நந்தி மலைப் பக்கம் கன்வல் குரோவர் 1988-ல் பிரெஞ்சுத் திராட்சை நட்டுத் தொடங்கியது இன்று குரோவர் ஜாம்பா. நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலாவின் முதல் ஒயின் 2000-ல் வந்தது. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இத்தாலியர்களும் இந்தியர்களும் கூட்டாகச் செய்வது ஃப்ராட்டெல்லி.

ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை. மழைக்காலத்தில் பழம் பழுத்தால் அழுகிவிடும் என்பதால் கொடியை வருடத்துக்கு இரண்டு முறை வெட்டுகிறார்கள். அறுவடை முடிந்து ஏப்ரலில் ஒரு வெட்டு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இன்னொன்று. பனிக்காலத்தில் பழுக்கிறது. இதனால் உங்களுக்கு என்ன? இந்திய வெள்ளை ஒயினை அறுவடையிலிருந்து இரண்டு வருடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. 'பழசானால் ருசி' என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. அலமாரியில் ஒரே ஒயின் இரண்டு வெவ்வேறு அறுவடை ஆண்டுகளில் இருந்தால், வெள்ளையில் புதியதை எடுங்கள்.

முதல் ஜோடியாக நான் சொல்வது ஷெனின் பிளாங்க், சோவின்யோன் பிளாங்க். இரண்டும் வெள்ளை, ஒரே கம்பெனியிலேயே இரண்டும் கிடைக்கும், விலையும் எட்டக்கூடியது. குளிரவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி முகர்ந்து பாருங்கள். சோவின்யோனில் கொய்யா வாசமும், அரிந்த குடைமிளகாயின் பச்சை வாசமும் வரும். குடைமிளகாயின் மணத்துக்குக் காரணமான அதே வகைச் சேர்மம்தான் திராட்சையிலும் இருக்கிறது. ஷெனினில் பழுத்த அன்னாசி, தேன் போல ஒன்று; பெரும்பாலும் லேசான இனிப்பு. காரமான கோழி வறுவலுக்கு ஷெனின்தான். அந்தச் சிறு இனிப்பு காரத்தைத் தணிக்கும்.

சிவப்பில் ஷிராஸ் என்னும் திராட்சையின் ஒயினிலிருந்து தொடங்குங்கள். நல்ல ஷிராஸை முகர்ந்தால் நுணுக்கிய மிளகு வாசம் வரும். மிளகின் மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளே இந்தத் திராட்சையின் தோலிலும் உண்டு. குரோவரின் லா ரிசர்வ் என்பது கேபர்னே சோவின்யோன் என்னும் சிவப்புத் திராட்சையும் ஷிராஸும் சேர்ந்து ஓக் பீப்பாயில் இருந்தது. வெறும் ஷிராஸோடு வைத்துப் பார்த்தால் மரம் என்ன செய்கிறது என்று புரியும். ஃப்ராட்டெல்லியின் செத்தே கொஞ்சம் விலை கூடுதல். அதில் சாஞ்சோவேஸே என்னும் இத்தாலியத் திராட்சையோடு கேபர்னே. முதல் மாதமே அதற்குப் போக வேண்டாம்.

சிவப்பு ஒயினில் வாய் வறண்டு இழுக்கிற உணர்வு டேனின். பாக்கு மென்றால் வருமே, அதே துவர்ப்பு. மட்டன், ஈரல் போன்ற கொழுப்பும் கனமும் உள்ள உணவோடு அது அடங்கும். மிளகாய் காரத்தோடு சேர்ந்தால் எரிச்சல் கூடும். சிவப்பு ஒயின் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதை மிளகாய் பஜ்ஜியோடு குடித்தவர்கள் என்பது என் சந்தேகம்.

"வீட்டுல லேடீஸ்க்குன்னா போர்ட் ஒயின் எடுத்துக்கோங்கண்ணா" என்று கடையில் யாராவது சொல்வார்கள். அது சர்க்கரை தூக்கலான இனிப்பு ஒயின். பிடித்தால் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் ஒயின் என்றாலே இதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். மலிவான இந்திய ஒயின்கள் சிலவற்றில் பெங்களூர் புளூ என்னும் உள்ளூர்த் திராட்சை இருக்கும். அதன் வாசம் கடையில் விற்கும் திராட்சை ஜூஸை அப்படியே நினைவூட்டும். அலமாரியில் எங்காவது மஸ்கட் என்று கண்டால் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகைதான். அந்தப் பன்னீர் வாசத்தை நம் மூக்கு சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்துவிட்டது.

படி 5: ஜின்

பத்து வருடம் முன்பு ஜின் என்றால் அலமாரியின் அடித்தட்டில் இரண்டு பாட்டில். இப்போது தனி அடுக்கே இருக்கிறது. 2017-ல் கோவாவிலிருந்து வந்த கிரேட்டர் தேன், அடுத்த ஆண்டு ஹப்புசா, ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் என்று வரிசையாக வந்தன.

ருசியற்ற ஸ்பிரிட்டில் ஜூனிப்பர் என்னும் காயையும் மற்ற வாசனைப் பொருள்களையும் போட்டு மீண்டும் வடித்தால் ஜின். சுருக்கமாகச் சொன்னால் ரசப்பொடி விவகாரம். கொத்தமல்லி விதை பெரும்பாலான ஜின்களில் இருக்கும். ஸ்ட்ரேஞ்சரில் மிளகு, ஜாதிபத்திரி, பலவகை எலுமிச்சைத் தோல். ஹப்புசாவில் இமயமலை ஜூனிப்பர், மஞ்சள், மாங்காய். ஹப்புசா என்பதே ஜூனிப்பரின் சம்ஸ்கிருதப் பெயர்தான். கிரேட்டர் தேன் லண்டன் டிரை பாணி, அதாவது இனிப்பில்லாமல் ஜூனிப்பர் தூக்கலாக இருப்பது. அதைத் 'தெரிந்த டம்ளராக' வைத்துக்கொண்டு மற்ற இரண்டில் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

டானிக் ஊற்றுவதற்கு முன் 30 மி.லி. ஜின்னில் அதே அளவு சாதாரணத் தண்ணீர் விட்டு முகர்ந்து, ஒரு வாய் பாருங்கள். டானிக்கில் கொய்னா கசப்பும் நிறையச் சர்க்கரையும் இருக்கும். எந்த ஜின்னையும் அது ஒரே மாதிரி ஆக்கிவிடும். வித்தியாசம் தெரிந்த பிறகு டானிக் சேருங்கள், ஒன்றுக்கு மூன்று.

படி 6: சிங்கிள் மால்ட், ஊர் வெயிலின் கைவரிசை

பெங்களூரில் இருந்துகொண்டு அம்ருத்தைத் தொடாமல் இருக்கக்கூடாது. 1948-ல் தொடங்கிய கம்பெனி. மைசூர் ரோடு பக்கம் கம்பிபுராவில் வடிக்கிறார்கள். தங்கள் சிங்கிள் மால்ட்டை 2004-ல் முதலில் விற்கக் கொண்டுபோனது எங்கே தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றிருக்கிறார்கள். அவர்களுடைய ஃப்யூஷனை 2010-ல் பிரிட்டிஷ் விமர்சகர் ஜிம் மர்ரே உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதிய பிறகுதான் நம்மூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தோம்.

இந்திய மால்ட் பாட்டிலில் '12 ஆண்டு', '18 ஆண்டு' என்று பெரும்பாலும் இருக்காது. ஏமாற்று இல்லை. பீப்பாயிலிருந்து வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் அது 2 சதவீதம் அளவு. பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல். பன்னிரண்டு வருடம் வைத்தால் பீப்பாயில் கால்வாசி மிஞ்சினாலே பெரிது. அதே வெயில்தான் மரத்தின் சாரத்தையும் வேகமாக இறக்குகிறது. நாலைந்து வருடத்தில் சரக்கு தயார்.

புகை வாசம் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துகொள்ள, கோவாவில் வடிக்கும் பால் ஜான் ஒரு நல்ல ஏணி வைத்திருக்கிறது. பிரில்லியன்ஸில் புகை கிடையாது, எடிட்டடில் கொஞ்சம், போல்டில் தூக்கல். மூன்றும் 46 சதவீதம். பார்லியை உலர்த்தும்போது பீட் என்னும் சதுப்புநில மண்கட்டியை எரிப்பதால் வரும் புகை அது. சிலருக்குக் கருவாடு சுட்ட அடுப்பு நினைவு வரும், சிலருக்கு ஆஸ்பத்திரி டிங்சர். எனக்கு முதலில் டிங்சர்தான் வந்தது, இப்போது அடுப்பு. குட்டிப் பாட்டில்களில் கிடைத்தால் மூன்றையும் ஒரே மாலையில், ஆளுக்கு 15 மி.லி. வீதம் பாருங்கள்.

ஹரியானாவின் இந்திரி டிரினி மூன்று வகைப் பீப்பாய்ச் சரக்கைச் சேர்த்தது: முன்பு போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், பிரெஞ்சு ஒயின் இருந்தது, ஷெர்ரி என்னும் இனிப்பு ஒயின் இருந்தது. உலர்ந்த திராட்சை வாசம் பிடித்தவர்களுக்கு இது.

ஐஸ் வேண்டாம், முதல் வாய்க்கு. தண்ணீர் வேண்டும். 'ராவா அடிச்சாத்தான் ருசி' என்பது வீம்புப் பேச்சு. ஃப்யூஷன் 50 சதவீதம். அதில் 30 மி.லி. எடுத்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தண்ணீர் விட்டால் கணக்காக 42.8-க்கு வந்து நிற்கும்; நம் நாக்கு பழகிய பழைய புரூஃப். எரிச்சல் அடங்கி வாசம் மேலே வரும். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக உங்கள் இஷ்டம்.

படி 7: நம் மண்ணின் சாராயங்கள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டில் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோவாவில் அந்தப் பழத்தைத்தான் மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து வடிக்கிறார்கள். முதல் வடிப்பு உர்ராக், மார்ச் முதல் மே வரைதான் கிடைக்கும், லேசான சரக்கு. எலுமிச்சை சோடா, உப்பு, கீறிய பச்சை மிளகாய் போட்டுக் குடிப்பார்கள். மறுபடி வடித்தால் ஃபெனி. 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-ல் கோவா அரசு பாரம்பரியப் பானமாக அறிவித்தது. நாட்டுச் சாராயம் என்ற வகையில் வைத்திருந்ததால் நெடுநாள் மாநிலத்தைத் தாண்டி வரவில்லை. கோவா போகும்போது பாருங்கள். வாசம் ஆளைத் தூக்கும்; பண்ருட்டிக்காரருக்கு ஊர் நினைவு வரும்.

மத்திய இந்தியாவின் மஹுவா வேறொன்றுமில்லை, இலுப்பைப்பூ. ஆலை இல்லாத ஊருக்குச் சர்க்கரையான அதே பூ. அந்த இனிப்பைப் புளிக்கவைத்து வடித்தது. எங்காவது முறையான லேபிளோடு கண்டால் ஒரு குவார்ட்டர் எடுத்து வையுங்கள். லேபிள் இல்லாமல் கேனில் வருவதை, யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தொடாதீர்கள். மெத்தனால் கலந்திருந்தால் கண்ணும் போகும், உயிரும் போகும். அதை வாசத்தில் கண்டுபிடிக்க முடியாது.

படி 8: வீட்டில் ஊற்றும்போது

டம்ளர் விஷயத்தில் செலவு வேண்டாம். வாய் குறுகிய சின்னக் கண்ணாடி டம்ளர் இரண்டு ஒரே மாதிரி இருந்தால் போதும். எவர்சில்வர் வேண்டாம், நிறம் தெரியாது. அடியில் துண்டுக் காகிதம் ஒட்டி எது எது என்று எழுதிவிட்டு, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். விலை கூடுதலானது எது என்று தெரியாமல் குடிக்கும்போதுதான் உண்மை வெளியே வரும். என் வீட்டில் இப்படிச் செய்து, பாதி விலை ஷிராஸ் மூன்று பேரிடம் ஜெயித்தது.

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்று எழுதியவர் சென்னை அறையில் இருந்தவர் இல்லை. 32 டிகிரி அறையில் அது கஷாயம். ஊற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளை ஒயினுக்கு இரண்டு மணி நேரம்.

வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. புகை இல்லாதது முதலில், புகை பிறகு. ஊறுகாயை அன்று ஒதுக்கி வையுங்கள். உப்பும் காரமும் நாக்கை மரக்க வைத்துவிடும். வறுத்த வேர்க்கடலை, பொரி போதும். சுவைத்துப் பார்த்து முடித்த பிறகு என்ன வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்.

நோட்டில் ஒரு பாட்டிலுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: என்ன வாசம் வந்தது, மறுபடி வாங்குவேனா. ஒயின் பாஷை தேவையில்லை. 'சைக்கிள் டியூப்', 'பாட்டி பெட்டி' என்றெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. எனக்குப் புரிகிறது, போதும்.

'ஒயின்தானே' என்று அளவை மறப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 42.8 சதவீதச் சரக்கில் 30 மி.லி. சின்னப் பெக் ஒன்றில் சுத்த ஆல்கஹால் சுமார் 13 மி.லி. 13 சதவீத ஒயின் 150 மி.லி. கிளாஸ் ஒன்றில் 19 மி.லி.க்கு மேல், அதாவது ஒன்றரைப் பெக். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. ஒரு பாட்டிலில் 52 மி.லி.; நான்கு பெக். 'பீர்தான் குடிச்சேன்' என்று சொல்லும் நண்பருக்கு இதைக் காட்டுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். அதனால் சுவைத்துப் பார்ப்பதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வந்தவர்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.

படி 9: மிச்சத்தை என்ன செய்வது

விஸ்கி, ஜின், ரம் பாட்டிலை நிமிர்த்தி, இருட்டான அலமாரியில் வையுங்கள். படுக்கவைத்தால் வீரியம் கார்க்கை அரித்துவிடும். கால் பாட்டிலுக்குக் கீழே போனால் சின்னப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். உள்ளே காற்று கூடக்கூட வாசம் மங்கும். கார்க் போட்ட ஒயின் மட்டும் படுத்திருக்க வேண்டும், கார்க் காயாமல் இருக்க.

ஊருக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வெளி மாநிலச் சரக்குக்கு ஒவ்வொரு மாநிலமும் தனிச் சட்டம் வைத்திருக்கிறது. பெங்களூர் பில் கையில் இருப்பதால் மட்டும் ஒசூர் எல்லையில் விட்டுவிட மாட்டார்கள். தீபாவளிக்கு வரும்போது பையில் நாலு ஃபுல் என்ற யோசனையைக் கைவிடுங்கள்.

திறந்த ஒயின் ஃபிரிட்ஜில் மூன்று நாள் நிற்கும், சிவப்பும் ஃபிரிட்ஜில்தான். நாலாம் நாள் சிவப்பு ஒயின் அரை டம்ளர் மிஞ்சினால் நான் கீழே கொட்டுவதில்லை. மட்டன் குழம்புக்கு வெங்காயம் வதங்கியதும் அதை ஊற்றி, சாராய வாசம் போகுமட்டும் கொதிக்கவிட்டு, பிறகு கறியைப் போட்டுக் குக்கரை மூடுவேன். நீங்களும் செய்வதானால் தக்காளியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புளிப்பு ஏறிவிடும்.